கிளார்க்குக்கு 76,535 டாலர், மீதி யாருக்கு?

மூணுபுள்ளி | 2025 ஜூலை 21
சனிக்கிழமை இண்டியானாபொலிஸில் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏவின் ஆல்ஸ்டார் ஆட்டம். அதற்கு முன் வீராங்கனைகள் ‘எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள்’ என்று எழுதிய டி-ஷர்ட்டுகளோடு களமிறங்கினார்கள். நியாயமான கோரிக்கை என்பது என் கட்சி. கெய்ட்லின் கிளார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அணிகள் புது வீராங்கனைகளை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2024இல் முதலிடம், நான்கு ஆண்டுக்குச் சேர்த்து 3,38,056 டாலர், முதல் ஆண்டுக்கு வெறும் 76,535. அவர் வருவதற்கு முந்தைய ஆண்டு அவருடைய அணியான இண்டியானா ஃபீவரின் உள்ளூர் ஆட்டத்துக்குச் சராசரியாக நாலாயிரம் பேர் வந்தார்கள். வந்த ஆண்டு பதினேழாயிரம். அவர் விளையாடப் போகிற ஊரில்கூடப் பெரிய அரங்காகப் பார்த்து ஆட்டத்தை மாற்றினார்கள். ஆண்கள் லீக்கான என்பிஏவில் 2023 டிராஃப்டில் முதலிடம் பிடித்த வெம்பன்யாமாவுக்கு முதல் ஆண்டிலேயே 1.2 கோடி டாலர். அதை வைத்து இந்த ஆண்டு எட்டு டபிள்யூஎன்பிஏ அணிகளுக்கு முழுச் சம்பளமும் கொடுத்துவிடலாம்.

வரவுசெலவு
எப்போதும் வரும் ஒப்பீடுதான் இதுவும். என்பிஏவின் வருமானம் எங்கே, இது எங்கே? 1997இலிருந்து ஆடுகிற லீக் 2024இலும் 4 கோடி டாலர் நஷ்டத்தில் போகும் என்றுதான் செய்தி வந்தது. 220 கோடி டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தம் என்கிறார்கள். அது 11 ஆண்டுக்கு, அதுவும் 2026இல்தான் தொடங்குகிறது. வராத பணத்தை எப்படிப் பங்கு போடுவது? அப்புறம், கிளார்க் ஒன்றும் கஷ்டத்தில் இல்லை. நைக்கி ஒப்பந்தம் மட்டுமே 2.8 கோடி டாலர் என்று சொல்லப்படுகிறது. லீக் கொடுத்த மேடைதான் அந்த விளம்பரத்தை வாங்கித் தந்தது.

மூணுபுள்ளி
அந்த மேடையை அவர் ஐயோவா பல்கலைக்கழகத்திலேயே கட்டிவிட்டார். 2024 கல்லூரி இறுதி ஆட்டத்தை 1.89 கோடி பேர் பார்த்தார்கள், லீக்குக்கு அதில் என்ன பங்கு? டாலருக்கு டாலர் யாரும் கேட்கவில்லை, விகிதம்தான் கேட்கிறோம். என்பிஏ வீரர்களுக்கு லீக் வருமானத்தில் ஏறக்குறைய பாதி போகிறது. இங்கே ஓர் அணி எல்லா வீராங்கனைகளுக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு 15,07,100 டாலர். 13 அணிக்கும் சேர்த்தால் 2 கோடியைத் தொடவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து தொலைக்காட்சியில் மட்டும் ஆண்டுக்கு 20 கோடி வரப்போகிறது. நஷ்டம் என்கிறீர்களே, போன மாதம் கிளீவ்லாந்து, டெட்ராய்ட், பிலடெல்பியா மூன்றும் லீக்கில் சேர ஆளுக்கு 25 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. மூழ்குகிற கப்பலுக்கு யாராவது இந்த விலையில் டிக்கெட் எடுப்பார்களா?

வரவுசெலவு
நுழைவுக் கட்டணத்தை வருமானத்தில் சேர்க்காதீர்கள். புது அணி வந்தால் பழைய முதலாளிகளின் பங்கு சுருங்கும், அதற்கான ஈடு அது. இன்னொன்றையும் பாருங்கள். 2022இல் காசில்லாமல் லீக்கின் 16 சதவீதத்தை 7.5 கோடி டாலருக்கு விற்றார்கள். மிச்சத்தில் பாதி, அதாவது 42 சதவீதம், என்பிஏ முதலாளிகளிடம். அணி நடத்துகிறவருக்கே முழு லாபம் வராது.

மூணுபுள்ளி
அப்படியானால் பணம் இல்லை என்று சொல்லாதீர்கள், பணம் வேறு பக்கம் போகிறது என்று சொல்லுங்கள். இரண்டும் ஒன்றா?

பழையகார்டு
இரண்டு பேரும் சங்கத்தை மறந்துவிட்டீர்கள். ரூக்கிகளுக்கான, அதாவது புதுமுகங்களுக்கான, சம்பள அட்டவணை முதலாளிகள் மட்டும் போட்டதில்லை. 2020 ஜனவரியில் அந்த அட்டவணை அடங்கிய கூட்டு ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது வீராங்கனைகள் சங்கம். கிளார்க் அப்போது பள்ளி மாணவி. உள்ளே வராதவருக்கு ஓட்டு கிடையாது, அதனால் அவர் தலையில் கை வைப்பது எல்லாருக்கும் சுலபம். என்பிஏவிலும் இதே கதைதான். 1994இல் கிளென் ராபின்சன் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 10 கோடி டாலர் கேட்டு, கடைசியில் பத்து ஆண்டுக்கு 6.8 கோடி வாங்கினார். மூத்தவர்களுக்கு எரிச்சல். மறு ஆண்டே ரூக்கிகளுக்கு அட்டவணை வந்துவிட்டது.

உச்சவரம்பு இங்கே கறாரானது, மீறவே முடியாது. கிளார்க்குக்கு இரண்டு லட்சம் கொடுத்திருந்தால் அது முதலாளியிடமிருந்து வந்திருக்காது, பக்கத்தில் ஆடுகிறவரிடமிருந்து வந்திருக்கும். ஃபீவர் இந்த ஆண்டு கெல்சி மிட்செலுக்கு 2,49,244 டாலர் கொடுக்க முடிந்ததற்கு ரூக்கி மலிவாக இருப்பதும் ஒரு காரணம். எனவே ரூக்கி சம்பளத்தை மட்டும் தனியாகப் பேசுவதில் அர்த்தமில்லை, உச்சவரம்பைப் பேசுங்கள்.

கடைசிபெஞ்ச்
எல்லாரும் கிளார்க், கிளார்க். அதே டிராஃப்டில் 36 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாம் சுற்றில் வந்தவருக்கு 64,154 டாலர். முதல் ஆளுக்கும் அவருக்கும் வித்தியாசம் 12,381 தான், வேறு எந்தப் பெரிய லீக்கில் இப்படி? ஆனால் அந்த 64,154ஐயும் பாதிப் பேர் பார்ப்பதே இல்லை. லீக்கில் அப்போது மொத்தம் 144 இடம்தான். சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமிலேயே பெயரை வெட்டிவிட்டால் அந்தச் சம்பளம் கிடையாது. இப்போதே சில அணிகள் உச்சவரம்புக்குள் நிற்க 12 பேருக்குப் பதில் 11 பேரை வைத்து ஓட்டுகின்றன. ரூக்கி விலை ஏறி உச்சவரம்பு அதே வேகத்தில் ஏறாவிட்டால் முதலில் வெளியே போவது இவர்கள்தான்.

மூணுபுள்ளி
ஒத்துக்கொள்கிறேன், உச்சவரம்பு ஏறட்டும். ஆனால் இவர்களின் உண்மையான சந்தை விலை என்னவென்று வெளியே பார்த்தாலே தெரிகிறது. 2015இல் டயானா டராசியை டபிள்யூஎன்பிஏவில் ஆடாமல் ஓய்வெடுக்கச் சொல்லி ரஷ்ய அணி ஒன்று பணம் கொடுத்தது. இந்த ஜனவரியில் தொடங்கிய இன்னொரு பெண்கள் கூடைப்பந்து லீக்கான அன்ரைவல்டில் சராசரிச் சம்பளமே இரண்டு லட்சம் டாலருக்கு மேல், கூடவே லீக்கின் உடைமையில் பங்கும் உண்டு.

வரவுசெலவு
ரஷ்யப் பணம் தொழிலதிபர்களின் கௌரவச் செலவு, அதைச் சந்தை விலை என்று நான் ஏற்கமாட்டேன். அன்ரைவல்டில் ஆறு அணி, ஒரே அரங்கு, பயணமே இல்லை. டபிள்யூஎன்பிஏ தனி விமானத்துக்கு மட்டும் இரண்டு ஆண்டில் 5 கோடி ஒதுக்கியது. இருந்தாலும் உச்சவரம்பை வருமானத்தோடு கட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. செலவு போக மிச்சத்தில் பங்கு என்றால் சரி, மொத்த வருமானத்தில் என்றால் முடியாது.

பழையகார்டு
செலவை எழுதுவது யார் என்பதில்தான் சண்டையே வரும்.

இந்த அக்டோபர் 31உடன் அந்தக் கூட்டு ஒப்பந்தம் முடிகிறது. மூத்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் தங்கள் ஒப்பந்தம் இந்த ஆண்டோடு முடிகிற மாதிரிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், புது விலைக்குப் பேரம் பேச. மாட்டிக்கொண்டிருப்பது ரூக்கி ஒப்பந்தத்தில் இருக்கிறவர்கள்தான். கிளார்க்கின் தாளில் 2026க்கு 85,873 டாலர் என்று எழுதியிருக்கிறது. புது அட்டவணை அவருக்கும் சேர்த்தா, இனி வருகிறவர்களுக்கு மட்டுமா? சங்கம் அதை முதல் நிபந்தனையாக வைக்கிறதா என்று பாருங்கள்.

கடைசிபெஞ்ச்
வைக்காது. பந்தயம்?