எச்பிஏ1சி ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யலாமா? உங்கள் அனுபவம் எழுதுங்கள்

அக்காவுக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் கலக்கம். ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை 91தான். டாக்டர் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு ஹீமோகுளோபினைத் தேடினார். 9.2. "இந்த ரத்தசோகையைச் சரி பண்ணாம எச்பிஏ1சியை நம்ப முடியாதும்மா" என்றார்.

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அத்தனை நாளும் சர்க்கரை அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே வரும். இரும்புச்சத்து குறைந்தால் புது அணுக்கள் உருவாவது மந்தமாகி, வயதான அணுக்களின் பங்கு கூடிவிடும். ஒட்டியிருக்கும் சர்க்கரையும் கூடுதலாகத் தெரியும். அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள்: 118. 140க்குக் கீழே என்றால் இயல்பு. சில மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டபின் எச்பிஏ1சி 5.5க்கு இறங்கியது.

*

எங்கள் அப்பாவுக்கு இதற்கு நேர்மாறு. ரத்தம் ஏற்றிய கொஞ்ச நாளில் எடுத்த எச்பிஏ1சி 5.4. பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர் ராத்திரி திரும்பத் திரும்ப எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வேறு டாக்டரிடம் போனோம். ஏற்றிய ரத்தத்தில் இருப்பது இன்னொருவரின் சிவப்பணு, அந்த அளவை வைத்து உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டார். ஃபிரக்டோசமைன் எடுக்கச் சொன்னார். ஆல்புமின் போன்ற ரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது அது. கடைசி இரண்டு மூன்று வார நிலவரம் தெரியும். ஆல்புமின் குறைந்திருந்தால் அதுவும் தப்பாகக் காட்டும் என்பதால் அதையும் சேர்த்தே பார்த்தார். ஃபிரக்டோசமைன் கூடுதல், சாப்பிட்டபின் சர்க்கரை 236. அம்மா பிடிவாதமாக நின்றிருக்காவிட்டால் இன்னும் எத்தனை மாதம் ஓடியிருக்குமோ.

*

என் மூத்தவனுக்கு டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும் வகை. அதனால் சின்னவளுக்கு, அந்தத் தாக்குதலின் அடையாளமான ஆன்டிபாடிகள் இருக்கின்றனவா என்று பரிசோதனை செய்தோம். சர்க்கரை ஏறுவதற்குப் பல வருடம் முன்பே இவை ரத்தத்தில் தெரியலாம். இரண்டோ அதற்கு மேலோ உறுதியானால், சர்க்கரை இயல்பாக இருந்தாலும் அதை டைப் 1-இன் முதல் நிலை என்றே கணக்கில் எடுக்கிறார்கள். அவளுக்கு அவற்றில் ஜிஏடி என்ற ஆன்டிபாடி ஒன்று மட்டும் பாசிட்டிவ். இதே நிலையில் பிள்ளைகள் உள்ளவர்கள், எவ்வளவு இடைவெளியில் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள் என்று எழுதுங்களேன்.