தாத்தாவின் காணியை விவசாயக் காணியாகப் பதிய யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. பண்டாரவளைப் பக்கம் தாத்தா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் காணி இருக்கிறது. மேல் பாதி தேயிலை, ஓடைப்பக்கம் போஞ்சியும் லீக்ஸும். காணி உறுதிப் பத்திரம் இன்னும் தாத்தா பெயரில்தான். அப்பாவும் இரண்டு அத்தைமாரும் உரித்தாளர்கள்.

கமநல சேவை நிலையத்தில் (விவசாயிகளுக்கான அரச அலுவலகம்) மூவர் பெயரிலும் பதியலாமா, இல்லை முதலில் உறுதியை மாற்ற வேண்டுமா? தேயிலைப் பகுதியை, சிறு தேயிலைத் தோட்டங்களுக்கான சிறுபற்று அதிகார சபையில் தனியாகப் பதியணுமா?

அப்புறம் வரி. விவசாய வருமானத்துக்கு இருந்த ஐந்து வருட விலக்கு 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இப்போது ஆளுக்கு வருடம் 18 இலட்சம் வரை வரியில்லை. கொழுந்துக் காசு முழுக்க அப்பா கணக்கில்தான் விழுகிறது. அவருக்குப் பென்ஷனும் உண்டு. மூவருக்கும் பங்கிட்டுக் காட்ட என்ன பத்திரம் வேண்டும்? அத்தைமார் பங்கு எழுத்தில் இருக்கணும் என்பதே எங்கள் ஆசை. பதுளைப் பக்கம் இதைச் செய்து முடித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.