கலக்சி ஏ55 போதுமா, ஏ56க்கு மேலதிகமாகக் கொடுக்கலாமா?

கொக்குவில் வாசகி:
வணக்கம். நான்கு வருடமாகப் பாவிக்கும் கைத்தொலைபேசியின் பற்றரி இப்போது மதியத்தைத் தாண்டுவதில்லை. சம்சுங் கலக்சி ஏ55 அல்லது ஏ56 வாங்க எண்ணியுள்ளேன். கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில் இரண்டின் 128 ஜீபி போன்களுக்கும் இடையே 28,000 ரூபா வித்தியாசம் சொன்னார்கள். கையில் எடுத்துப் பார்த்தபோது திரையும் கமராவும் எனக்கு ஒன்றுபோலவே தோன்றின. பாடசாலை வேலை, வாட்ஸ்அப், திருவிழாக் காலத்தில் சில படங்கள், இவ்வளவுதான் என் பாவனை. மெமரி காட்டில் அப்பாவின் குரற்பதிவுகள் உட்படப் பழையவை எல்லாம் இருக்கின்றன. மேலதிகப் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கும்?

சுன்னாகத்திலிருந்து ஒரு திருத்துநர்:
சகோதரி, முதலில் அந்தக் காட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2024இல் வந்த ஏ55இல் மெமரி காட் போட இடமுண்டு (இரண்டாவது சிம்மும் அதே இடத்தைத்தான் கேட்கும்). 2025இல் வந்த ஏ56இல் அந்த இடமே இல்லை. ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது 128 ஜீபி ஏ55ஐயும் 256 ஜீபி ஏ56ஐயும்தான். அப்படிப் பார்த்தால் வித்தியாசம் 28,000 ரூபாவுடன் நிற்காது. பிரதான கமரா இரண்டிலும் 50 மெகாபிக்சல், பற்றரி இரண்டிலும் 5000 எம்ஏஎச், இரண்டுமே ஐபி67 (தூசும் நீரும் புகாமல் காக்கும் தரம்) என்பதால் உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை. ஏ56 45 வற்றில் சார்ஜ் ஆகும், ஏ55 25 வற்றில். ஆனால் பெட்டிக்குள் சார்ஜர் வராது. வீட்டிலுள்ள பழைய 25 வற் சார்ஜரைச் செருகினால் அந்த வேகத்துக்குக் கொடுத்த காசு வீண். நானென்றால் ஏ55ஐ எடுப்பேன்.

நல்லூரான்:
திருத்துநர் சொன்னவை சரி, ஆனாலும் முடிவில் உடன்பட மாட்டேன். ஏ55க்கு வெளிவந்த நாளிலிருந்து ஐந்து வருடப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள், ஏ56க்கு ஆறு வருடம். அதாவது ஒன்று 2029இலும் மற்றது 2031இலும் முடியும். வங்கிச் செயலிகளைப் போனில் வைத்திருப்பவருக்கு இது சிறிய விடயமன்று. காட்டை நம்பிக் குரற்பதிவுகளை வைப்பதும் நல்லதல்ல: என்னுடைய காட் ஒருநாள் காலையில் தன்னை ஃபோர்மட் செய்யும்படி கேட்டது, ஏழு வருடப் படங்கள் அதோடு போயின. எந்தப் போனை வாங்கினாலும் அப்பாவின் குரலை இன்றைக்கே இன்னும் இரண்டு இடங்களில் பிரதி செய்யுங்கள்.

கொக்குவில் வாசகி:
நன்றி, இருவருக்கும். பிரதி எடுக்கும் வேலையை இன்றிரவே தம்பியின் மடிக்கணினியில் தொடங்கிவிட்டேன். ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: எங்கள் வீட்டில் நான் பாவித்து முடித்த போன் அம்மாவுக்குப் போகும், அவர் அதை இன்னும் மூன்று வருடம் வைத்திருப்பார்.

சுன்னாகத்திலிருந்து ஒரு திருத்துநர்:
அப்படியென்றால் என் கணக்கு மாறுகிறது. அந்த மேலதிக இரண்டு வருடங்களும் அம்மாவின் கையில் கழியும். 256 ஜீபி ஏ56ஐயே பாருங்கள், 45 வற் சார்ஜரைப் பிறகு வாங்கலாம். எதை எடுத்தாலும், காசு கொடுக்கும் முன் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ இலக்கத்தை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள இலக்கம்) 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அது தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவானதா என்று கடையில் நின்றபடியே பார்த்துக்கொள்ளுங்கள்.