ஊட்டுவெளி, ஏற்புவெளி: மேசைவாளுக்கு இருபுறமும் விடும் இடத்துக்கு ஒரு சொல்

உப்புவெளியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக் கராஜைத் தச்சுப்பட்டறையாக மாற்றுவோருக்கான குறிப்பேட்டில் ஒரு சொல் இடறுகிறது. மேசைவாளுக்குள் (மேசை நடுவே வட்டவாள் நின்று சுழலும் மெசின்) பலகை போவதற்கு ஆள் நிற்கும் பக்கம் காலியாக விடும் இடம், அறுபட்ட பலகை வெளியேற அடுத்த பக்கம் விடும் இடம், இரண்டுக்கும் பெயர் வேண்டும். வரைபடத்தில் முதலில் குறிக்கவேண்டியவை இவைதான். பெயர் இல்லாததால் பலர் மெசினின் அகல நீளத்தை மட்டும் அளந்து அதைச் சுவரோரம் ஒதுக்கிவிடுகிறார்கள். பிறகு 4 அடிக்கு மேற்பட்ட எந்தப் பலகையையும் அறுக்க முடிவதில்லை.

கணக்கு இது. 8 அடிப் பலகையை நெடுக்காகப் பிளக்க வாளுக்கு முன்னால் 8 அடி, ஆள் நிற்க இன்னும் 2 அடி, வாளுக்கு அப்பால் 8 அடி: மொத்தம் 18 அடி. 20 அடி நீளமுள்ள கராஜில் ஆள் பின்சுவர்ப் பக்கம் நின்று கதவை நோக்கித் தள்ளுவதாக வைத்தால், வாள் பின்சுவரிலிருந்து 10 அடிக்கும் 12 அடிக்கும் இடையில் நிற்கவேண்டும். இடம் மாற்ற இருப்பது அந்த 2 அடிதான். கராஜ் 16 அடியானால் பலகை 2 அடி கதவுக்கு வெளியே போகும். அதற்கும் வாள் கதவை நேரே பார்த்திருக்கவேண்டும்.

என் பரிந்துரை: உள்ளூட்டு வெளி, வெளியூட்டு வெளி. கருத்துச் சொல்லுங்கள்.

கிண்ணியாவிலிருந்து:

> உள்ளூட்டு வெளி, வெளியூட்டு வெளி

'ஊட்டு' நன்று. இரண்டாவது சொல்லில் 'வெளி' இரண்டு தரம் வந்து இரண்டு பொருள் தருகிறது. பட்டறையில் உரக்கச் சொன்னால் குழம்பும். 'உள்ளீடு, வெளியீடு' என்றும் போகவேண்டாம். முன்னது கணினிக்குப் போய்விட்டது, பின்னது புத்தகத்துக்கு.

இருவர் சேர்ந்து அறுக்கும்போது ஒருவர் தள்ளுவார், மற்றவர் பிடிப்பார். ஆகவே தள்ளுவெளி, பிடிவெளி என்று வைக்கலாமே? தச்சுவேலை தெரிந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

'வெளி' என்ற முடிவை மட்டும் மாற்றவேண்டாம் ஐயா. நிலாவெளி, உப்புவெளி, வயல்வெளி என்று திறந்த நிலத்துக்கு நம் வாயில் பழகிய சொல் அது. 'இடைவெளி' என்றால் சந்து என்ற நினைப்பு வரும். தனி 'வெளி'யில் அந்தச் சிக்கல் இல்லை.

தம்பலகாமத்திலிருந்து:

'பிடிவெளி'யை ஏற்க எனக்குத் தயக்கம். காரணம் மொழி அல்ல, பாதுகாப்பு.

வாளுக்கு அப்பால் நிற்பவர் பலகையைப் பிடிக்கவே கூடாது, இழுக்கவே கூடாது. பலகையின் வேகமும் திசையும் தள்ளுபவர் கையில் மட்டும் இருக்கவேண்டும். அப்பாலிருப்பவர் சற்றுப் பக்கவாட்டில் இழுத்தாலும் பலகை, தான் ஒட்டி ஓடும் வழிகாட்டிச் சட்டமான கைட்டை விட்டு விலகித் திரும்பும். வாளின் முன்பற்கள் மேசையை நோக்கிக் கீழிறங்குகின்றன. பின்பற்கள் மேலேறி வருகின்றன. திரும்பிய பலகை அந்தப் பின்பற்களில் பட்டால் வாள் அதைத் தூக்கித் தள்ளியவர் பக்கமே வீசிவிடும். வாளின் பின்னால் நிற்கும் பிளவுத்தகடு இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. அது வாள் உடலைவிடச் சற்றுத் தடிப்பாகவும் அறுவாயின் (வாள் வெட்டும் பிளவின்) அகலத்தைவிடச் சற்று மெல்லியதாகவும் இருக்கவேண்டும். கழற்றி வைத்துவிட்டு அறுப்பவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

உதவிக்கு நிற்பவர் செய்யவேண்டியது உள்ளங்கையை விரித்து எடையைத் தாங்கி வருவதை ஏற்பது, அவ்வளவுதான். ஆகவே 'ஏற்புவெளி'. ஒரு கலைச்சொல் தவறான செயலைக் கற்பித்துவிடக் கூடாது.

ஆள் இல்லாமல் மேசை போட்டாலும் 'ஏற்பு' பொருந்தும். இங்கே வெளியையும் மேசையையும் பிரித்தே பெயரிடவேண்டும், ஏனென்றால் உயரவிதி மெசினுக்கு மெசின் மாறுகிறது. மேசைவாளில் ஏற்புமேசை வாள்மேசையைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கவேண்டும். உயர்ந்தால் பலகையின் மூக்கு முட்டி நிற்கும். பாதி அறுவையில் நிற்பது ஆபத்து. வாள்மேசையில் உள்ள பள்ளங்களை ஏற்புமேசையிலும் நீட்டி வெட்டாவிட்டால் குறுக்கு அறுக்கும் கைட்டின் தண்டு போய் இடிக்கும்.

மேற்பரப்பைச் சீவும் பிளேனரில் விதி வேறு. அதில் ஊட்டுமேசை சீவும் ஆழத்தின் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். ஏற்புமேசை, சுழலும் கத்தி தொடும் உச்சிக்குச் சரிமட்டம். ஏற்புமேசை தாழ்ந்தால் பலகையின் கடைசி இரண்டு மூன்று அங்குலம் குழியும். உயர்ந்தால் முனை முட்டும், அல்லது சீவல் போகப்போக ஆழம் குறைந்து பலகை சரிவாகும். மேசைவாளின் 2 மில்லிமீட்டரைக் கொண்டுவந்து பிளேனரில் வைத்தால் வேலை கெடும். குறிப்பேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

தடிப்புச் சீவும் மெசினிலும் இரு முனைகளிலும் அந்தக் குழி வரும். நீளப் பலகையின் வெளிமுனை தொங்கி, உள்முனை கத்தியை நோக்கித் தூக்கப்படுவதே காரணம். 'முனைக்குழி' என்று சொல்லலாம்.

கிண்ணியாவிலிருந்து:

தம்பலகாமத்து ஐயா சொன்னது சரி. பிடிவெளியை மீளப் பெறுகிறேன். அப்படியானால் தள்ளுவெளியும் வேண்டாம், ஊட்டுவெளி என்றே இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்ல 'ஓடுவெளி' போதுமா? பலகை ஓடும் வெளி.

உப்புவெளியிலிருந்து:

'ஓடு' என்றதும் கூரை ஓடு நினைவுக்கு வரும். கட்டட வரைபடத்திலேயே கூரையோட்டுக் குறிப்பும் இருக்கும். சேர்த்துச் சொல்ல 'செல்வெளி' என்று வைத்துக்கொள்வோம். ஊட்டுவெளி, ஏற்புவெளி இரண்டும் முடிந்தன.

நம் திருகோணமலைப் பக்கத்துக்கு உரிய சில குறிப்புகளை வரைவில் சேர்த்திருக்கிறேன்.

கராஜுக்கு முன்னாலுள்ள சீமெந்துத் தரை தண்ணீர் வடியச் சரிவாக இருக்கும். 100க்கு 1 சரிவென்றாலே 8 அடி தூரத்தில் 24 மில்லிமீட்டர் இறங்கிவிடும். ஆகவே வெளியே வைக்கும் தாங்கிக்குக் கால் உயரம் மாற்றும் வசதி வேண்டும். உருளைத் தாங்கி என்றால் உருளை பலகையின் பயணத்துக்குச் சரியாகக் குறுக்கே நிற்கவேண்டும். கோணினால் பலகையைப் பக்கத்துக்கு இழுக்கும். பொக்ஸ் பார் சட்டத்தில் வழுக்கும் பலகை பதித்த தாங்கியே மேல்.

கதவு கிழக்கே பார்த்தால் வாடைமழை நேரே உள்ளே அடிக்கும். ஏற்புவெளியின் மேல் தகரத்தில் பத்தி இறக்குவது நல்லது. தறப்பாள் காற்றுக்கு நிற்காது. கச்சான் காற்றுக் காலத்தில் இரட்டைக் கதவு தானாக அடித்துச் சாத்தும், பலகை பாதியில் இருக்கும்போது சாத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இரு கதவுக்கும் தரையில் கொண்டி போடவேண்டும். கதவு திறந்தே கிடப்பதால் உப்புக்காற்று வாள்மேசையைத் துருவாக்கும். வேலை முடிந்ததும் துடைத்து மெழுகு பூசவேண்டும். சிலிக்கோன் கலந்தது வேண்டாம், அது மரத்தில் ஒட்டி வார்னிஷ் பிடிக்காமல் செய்யும்.

ஊட்டுவெளியின் குறுக்கே வயர் ஓடக்கூடாது. பிளக்கை மேலிருந்து இறக்குங்கள், அல்லது வாளின் கால் பக்கத்தில் தரைக்குள் பதியுங்கள். சுற்றுக்கு 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம்.

8க்கு 4 அடிப் பிளைவூட்டை அறுப்பது பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகை 30 கிலோவுக்கு மேல் இருக்கும். தனியாள் அதை மேசைவாளில் ஏற்றவேண்டாம். தரையில் ரெஜிபோம் (வெள்ளை நுரைத்தட்டு) விரித்து, நேர்ச்சட்டம் பிடித்து, கைவட்டவாளால் முதலில் துண்டாக்குங்கள். 4 அடித் துண்டுக்குச் செல்வெளி 10 அடி போதும். சிறிய கராஜுக்கு இதுவே என் முதல் யோசனை.

தம்பலகாமத்திலிருந்து:

செல்வெளி சரி. ஒன்றை விட்டுவிட்டோம். வாள் பலகையைத் திருப்பி வீசும் நேர்கோட்டுக்கும் பெயர் வேண்டும். அது ஊட்டுவெளிக்குள்ளேயே கிடக்கிறது. வாளுக்கும் கைட்டுக்கும் இடைப்பட்ட அகலம், பின்சுவர் வரை. தள்ளுபவர் அதற்கு இடப்பக்கம் நிற்கவேண்டும். வீட்டுக்குள் போகும் கதவு அந்தக் கோட்டில் திறந்தால் பிள்ளைகள் நேரே அதற்குள் வருவார்கள். கேஸ் சிலிண்டரும் அங்கே கூடாது. 'உதைவெளி' என்று முன்வைக்கிறேன். வரைபடத்தில் அதைச் சிவப்பில் கோடிட்டுக் காட்டலாம்.

கிண்ணியாவிலிருந்து:

உதைவெளிக்கு என் சம்மதம். வீட்டுக்கதவை மாற்ற முடியாத இடத்தில் கராஜின் உள்பக்கத்தில் தாழ்ப்பாள் போடவேண்டும் என்ற வரியையும் அதனோடு சேர்த்துவிடுங்கள்.