நூறு ரூபாய் கோடு, 89 ரூபாய் வைரம்

வெண்ணாற்றங்கரை:
மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்காத வருஷம், குறுவை இல்லை, கையில் காசும் இல்லை. கும்பகோணத்தில் ஒரு ரீசார்ஜ் கடை. பிளே ஸ்டோர் கோடு, அதாவது கேமில் செலவழிக்க முன்பணம் கட்டி வாங்கும் எண், நூறு ரூபாய்க்குக் கீழே இல்லை என்கிறார் கடைக்காரர். பையன் வாங்கி ஏற்றினான். கேமுக்குள் வாங்கும் வைரத்துக்கு 89 ரூபாய் போக மிச்சம் 11. “அந்தப் பதினொண்ணை குடுத்துடுங்கண்ணே.” எப்படிக் கொடுப்பார்? கோடாக ஏறியது ரொக்கமாகத் திரும்பாது. அந்த கேமில் 29 ரூபாய்க்குக் கீழே வைரப் பாக்கெட்டும் கிடையாது. விலை வைத்த கேம் கம்பெனிக்காரனுக்குத் தெரியாமலா வைத்திருப்பான்?

குடமுருட்டி:
குறை கடைக்காரர் மேல்தான், விலை வைத்தவன் மேல் இல்லை. பிளே ஸ்டோர் இங்கே ஆப், கேம் வாங்கல்களின் குறைந்தபட்ச விலையை 2015-லேயே 50 ரூபாயிலிருந்து 10 ஆக்கிவிட்டது. பஞ்சத்தில் கேம் விலை இறங்கத்தான் செய்யும். உலகமே மந்தத்தில் இருந்த 2008-09-ல் 19.99 டாலர் சின்ன கம்ப்யூட்டர் கேம்களே 9.99, 6.99 என்று வந்தன.

வெண்ணாற்றங்கரை:
அங்கே இறங்கியது முழு கேமின் விலை. ஒரு தடவை கட்டினால் தீர்ந்தது. இங்கே கேம் சும்மா. லெவலில் மாட்டி நிற்கும்போதுதான் 29 ரூபாய் சலுகை, கூடவே ஓடுகிற கடிகாரம். இதுவும் அதுவும் ஒன்றா?

பாமணி:
மன்னார்குடிப் பக்கம் ஒரு பிளேஸ்டேஷன் சென்டர். குறுவை போன பிறகும் மணிக்கு 40 ரூபாயைக் குறைக்கவில்லை, அரை மணி 20 என்று போர்டு மட்டும் மாறியது. ஃபுட்பால் மேட்சில் ஒரு பாதி 6 நிமிஷம். லோடிங், டீம் பொறுக்குவது, ரீப்ளே எல்லாம் உங்கள் கணக்கில்தான். இரண்டாவது மேட்ச் பாதியில் நிற்கும்போது சென்டர் அண்ணன் கையை நீட்டுவார்: “இன்னொரு இருபது?” பாதியை 4 நிமிஷமாக வைத்துக்கொண்டால் இரண்டும் முடியும். அவராகச் சொல்ல மாட்டார்.

அரசலாறு:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அப்பா போனில் பிள்ளை ஆடினால், பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்க வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை என்ற தேர்வு வேண்டாம். அந்த அரை மணிக்குள் பத்துப் பாக்கெட் போகும். தெரியாமல் வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே ரீஃபண்ட் கேளுங்கள். தாண்டினால் கேம் கம்பெனியிடம்தான் எழுத வேண்டும், பதில் வருவது அவர்கள் மனசு. முக்கியமாக மாதச் சந்தா. கையில் நெல் பணம் இருக்கும் தை மாசியில் போடுகிறார்கள், வைகாசியில் கேமை அழித்துவிட்டு முடிந்தது என்று இருக்கிறார்கள். அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பக்கம் போய் ரத்து செய்யணும். யூபிஐ ஆட்டோபே போட்டிருந்தால் அந்த ஆப்பிலும் ஒருமுறை பாருங்கள்.

குடமுருட்டி:
பாமணி, பாதி நேரத்தை 4-க்கு மாற்ற அங்கே விடுகிறார்களா? இங்கே மெனுவுக்குப் போனாலே சென்டர்க்காரர் கண்ட்ரோலரைப் பிடுங்குகிறார்.