ஊரில் குடியின் கேட்டைக் குறைக்கும் கூட்டு முயற்சிக்கு வழிகாட்டல் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊராட்சியில் மகளிர் சுய உதவிக் குழுவினர், பள்ளித் தலைமை ஆசிரியர், கிராம சுகாதாரச் செவிலியர், இளைஞர் மன்றத்தினர் ஆகியோர் சேர்ந்து, குடியால் விளையும் கேடுகளைக் குறைப்பதற்காக ஒரு கூட்டுக் குழுவை அமைக்க முயன்று வருகிறோம். மதுக்கடையை மூடக் கோரிக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுவது அவசியமே என்றாலும், அது மட்டும் போதாது என்பது என் கருத்து. கடை மூடப்பட்டாலும் பழக்கம் மூடப்படுவதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் என்ற நச்சுப்பொருள் கலந்த கள்ளச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானதை நாம் மறந்துவிட முடியாது.

எங்களுக்கு அதிகம் குழப்பம் தருவது சிகிச்சைதான். பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தவர், வீட்டாரின் வற்புறுத்தலால் திடீரென நிறுத்தும்போது கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், கோயிலில் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டி அனுப்பும் வழக்கத்தை மட்டும் நம்பியிருக்க எங்களுக்குத் துணிவில்லை. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குறிப்பிட்ட நாள்களில் வரவழைக்க யாரிடம், எவ்வாறு விண்ணப்பிக்க வேண்டும்? 21 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது என்ற விதியைக் காவல் நிலையத்தையும் கடை ஊழியர்களையும் பகைத்துக்கொள்ளாமல் நடைமுறைப்படுத்திய ஊர்கள் உண்டா? குடியிலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களைச் சிற்றூரில் தொடங்கியவர்கள், அடையாளம் வெளிப்படாமல் காப்பதை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். தீர்மான நகல், விண்ணப்ப மாதிரி இருந்தால் இங்கேயே பதிவிட வேண்டுகிறேன். அடுத்த கிராம சபைக்கு முன் அவை கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.