எஸ்டேட் தாத்தாவோட இத்தாலி பைப், எது கையால செஞ்சது?

ஏற்காட்டுமிளகு:
வணக்கம்ங்க. எங்க தாத்தா ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல ரைட்டரா இருந்தவரு, மேனேஜர் ஒருத்தர் ஊருக்குப் போறப்ப புகையிலை போட்டுப் புடிக்கற பைப் ரெண்டு குடுத்துட்டுப் போயிருக்காரு. ஒண்ணு வழவழன்னு, சவினெல்லின்னு இருக்கு. இன்னொண்ணு கருப்பா மேலெல்லாம் நோண்டி விட்டாப்ல இருக்கு, அடியில காஸ்டெல்லோ, சீ ராக்னு பொறிச்சிருக்கு. அம்மா பாத்துட்டு கரையான் அரிச்சிருக்கு தூக்கிப் போடுங்கறாங்க. நான் புடிக்கறதில்ல, ஷோகேஸ்ல வெக்கத்தான் கேக்கறேன்.

கடைசல்பட்டறை:
அய்யோ போட்றாதீங்க, அது கரையான் இல்ல, கையால கொத்துனது 😀 காஸ்டெல்லோ வந்து கார்லோ ஸ்கொட்டி 1947ல கான்டூ ஊர்ல ஆரம்பிச்ச சின்ன பட்டறை. சவினெல்லி மிலான்ல 1876ல கடையா ஆரம்பிச்சது, அப்புறம் பெரிய ஃபேக்டரி ஆயிருச்சு. மரம் ரெண்டுக்குமே பிரையர்தான், மத்தியதரைக் கடல் பக்கம் வளர்ற புதர், வேருக்கு மேல முண்டு மாதிரி திரண்டு நிக்குமில்ல அதை வெட்டி மணிக்கணக்கா வேகவெச்சு சாறு இறக்கி மாசக்கணக்குல, சிலர் வருஷக்கணக்குல காயவிடுவாங்க. நான் மரம் கடையறவன், எனக்கே பொறாமைங்க, நம்மகிட்ட எந்த பார்ட்டி அவ்ளோ நாள் பொறுப்பான்! முண்டுக்குள்ள பொத்தல், மணல் எல்லாம் இருக்கும், கடையும்போதுதான் வெளிய தெரியும். வழவழன்னு விடணும்னா ரேகை சுத்தமா அமையணும், இல்லன்னா மக்கு வெச்சு அடைக்கணும், அதுவும் வேணாம்னா கொத்தி விட்டுடலாம். அதுக்காக கொத்துனதெல்லாம் மட்டம்னு நெனைக்காதீங்க, சீ ராக்ங்கற இந்தக் கொத்துதான் காஸ்டெல்லோக்காரங்க பேர் சொல்ற வேலை. வேலை சுத்தமான்னு தெரியணும்னா டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, புகை வர்ற ஓட்டை கிண்ணத்தோட அடியில நட்டநடுவுல வந்து சேரணும். வாய்ல வெக்கற துண்டு மரத்தோட சேர்ற எடத்துல நகத்தை ஓட்டுங்க, தடுக்கக்கூடாது.

சேலத்துக்காரன்:
பாலிஷ் போடறேன்னு கடைல மட்டும் குடுத்துறாதீங்க. எங்க மாமாவோடத ஒரு கடைல உப்புத்தாள் போட்டுத் தேச்சு பேரையே அழிச்சுட்டாங்க, கேட்டா பளபளன்னு இருக்குல்ல சார்ங்கறான். அப்புறம் உங்க ஊர் பனிக்கு பூஞ்சை புடிக்கும், மூடி வெக்காம காத்தாட வைங்க.

ஏற்காட்டுமிளகு:
பாத்துட்டேன்ங்க! காஸ்டெல்லோல ஓட்டை கரெக்டா நடுவுல, நகம் வழுக்கிட்டுப் போகுது. சவினெல்லில ஒரு ஓரமா மொளகு சைஸுக்கு மக்கு தெரியுது, இத்தனை வருஷம் யாருமே கவனிக்கல. அம்மாகிட்ட காட்டுனேன், "அப்ப கரையான் அரிச்சதையே முன்னாடி வை"ங்கறாங்க.